ஜேர்னல்ல ஒரு பேப்பர் வாறதுக்குப் பின்னால: யார் யாருக்குப் பொறுப்பு

சுனாமி அடிச்சு ரெண்டு மூணு வருசத்துக்குப் பிறகு மட்டக்களப்பில திராய்மடுப் பக்கம் கேள்விக்கொத்தோட வீடு வீடாத் திரிஞ்ச ஆக்கள்ல நானும் ஒராள். கம்பஸ் முடிச்ச கையோட ஒரு ஆய்வுக்கு டேட்டா எடுத்துக் குடுக்கிற வேலை கிடைச்சது, ஒரு நாளைக்குப் பத்து வீடு, ஒவ்வொரு வீட்டிலயும் 6 பக்கம் நிரப்பணும். ஒரு வீட்டில ஒரு அம்மா பிளேன்டீ ஊத்தித் தந்து, நான் கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லி, வீட்டில எத்தின பேர் போனது, யாரார்ட உடல் கிடைச்சது, இப்ப ராவில நித்திரை வருதா எண்டது வரைக்கும் பொறுமையாச் சொல்லி முடிச்சுப்போட்டு கடைசியா என்னட்ட ஒரு கேள்வி கேட்டா. "மனே, உனக்கு முதலும் மூணு நாலு பேர் வந்து இதையேதான் கேட்டு எழுதிட்டுப் போனவங்க, மறுகா ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல்ல. எழுதினதெல்லாம் எங்க போகுது?"

"ஆய்வுக் கட்டுரையா வெளிவரும் அம்மா" எண்டன். அவ தலையை ஆட்டினா, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குக் கனகாலம் எடுத்தது.

இப்ப சில வருசமா ஒரு சின்ன ஜேர்னல் வெளிவாற வேலைகள்ல உதவிக்கு இருக்கன். வாற கட்டுரைகளைப் பதியிறது, ரிவியூவருக்கு அனுப்புறது, பிழை பார்க்கிறது, ஒதர்மாரோட, அதான் கட்டுரை எழுதின ஆக்களோட, இமெயில் எழுதிக்கொண்டு இருக்கிறது. பதிப்பு நெறிமுறை எண்டு சொன்னா எங்கட ஆக்கள் உடனே நினைக்கிறது கொப்பி அடிக்கிறதைத்தான். அது ஒரு பகுதி மட்டும்தான். இந்தக் கதிரையில இருந்து பார்க்கக்குள்ள விளங்கினது என்னெண்டா, ஜேர்னல்ல இருக்கிற ஒவ்வொரு விதியும் கடைசியில அந்தப் பேப்பர்ல பேர் வராத ரெண்டு சாராருக்காகத்தான் இருக்கு. ஒண்டு டேட்டா குடுத்த ஆக்கள், மற்றது அந்தப் பேப்பரை நம்பி நாளைக்கு ஏதோ ஒண்டைச் செய்யப்போற ஆக்கள். ரெண்டு பேரும் பெரும்பாலும் அந்தப் பேப்பரை வாசிக்கவே மாட்டாங்க.

ஜேர்னல் எண்ட சாமான் 1665இல லண்டன்ல ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கின பிலோசொபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ் காலத்தில இருந்து இருக்கு. ஆனா அதே துறையைச் சேர்ந்த வேற ஆக்கள் வாசிச்சுச் சரி பிழை சொன்ன பிறகுதான் போடுறது, அதான் பீர் ரிவியூ, எல்லாரும் கட்டாயமாச் செய்யத் தொடங்கினது கிட்டடியிலதான். நேச்சர் மாதிரிப் பெரிய ஜேர்னலே 1973இலதான் அதைக் கட்டாயமாக்கினது. இதில முக்கியமா ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளணும். ரிவியூவர் வயலுக்குப் போறதில்ல, வாட்டுக்குப் போய் நோயாளியைப் பார்க்கிறதும் இல்ல, ஒதர் எழுதினதை உண்மையெண்டு எடுத்துக்கொண்டுதான் அதுக்கு மேல யோசிக்கிறார். முறையாச் செஞ்சிருக்கா, சொன்ன முடிவு டேட்டாவில இருந்து வருதா எண்டு அவர் பார்ப்பார், இருந்த இடத்தில இருந்து கற்பனையா நிரப்பின ஃபோமை அவரால அநேகமாப் பிடிக்க ஏலாது.

எப்பவாவது பிடிபடும். ஒருக்கா எங்களுக்கு ஒரு கட்டுரை வந்தது, 50 விவசாயிகள்ட்ட கேட்டு எடுத்த டேட்டா எண்டு எழுதியிருந்தது, வெள்ளாமைக்கு எந்த நேரம் மருந்தடிக்கிற, அறக்கொட்டிப் பூச்சி விழுந்தா என்ன செய்யிற, யார்ட்ட ஆலோசனை கேக்கிற எண்டு நல்ல பிரயோசனமான கேள்விகள். மூணாவது அட்டவணையில 37.5 சதவீதம் எண்டு ஒரு இலக்கம் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய் ரெண்டு பக்கம் வாசிச்ச பிறகுதான் மனசு குத்தினது. 50 பேர்ட்ட கேட்டா ஒரு ஆள் 2 சதவீதம், அப்ப விடை 36 வரலாம், 38 வரலாம், 37.5 வாறதுக்கு வழியே இல்ல, முக்கால் விவசாயி எண்டு ஒராள் இல்லத்தானே. சிலபேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம விட்டிருந்தா வரலாம், உதாரணமா 40 பேர் மட்டும் சொன்னா 15 பேர் சரியா 37.5. அப்பிடியெண்டா அதை அட்டவணைக்குக் கீழ எழுதியிருக்கணும். கல்குலேட்டரை எடுத்துக்கொண்டு மற்ற அட்டவணைகளையும் பார்த்தன், இன்னும் ஏழு இடத்தில அப்பிடியே.

இந்த இடத்தில எடிட்டர் என்ன செய்யணும் எண்டதுக்கு வழிமுறை இருக்கு. 1997இல இங்கிலாந்தில சில மருத்துவ ஜேர்னல் எடிட்டர்மார் சேர்ந்து தொடங்கின கோப் எண்ட அமைப்பு, பதிப்பு நெறிமுறைக் குழு, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் படிப்படியா என்ன செய்யிற எண்டு வரைபடம் போட்டு வச்சிருக்கு. முதல்ல ஒதர்ட்ட விளக்கம் கேக்கணும், மூல டேட்டாவைக் கேக்கணும், பதில் திருப்தியில்லாட்டி அவர் வேலை செய்யிற நிறுவனத்துக்கு அறிவிக்கணும். எடுத்த எடுப்பில கள்ளன் எண்டு சொல்லப்படாது, அதே நேரம் பேசாம ரிஜெக்ட் பண்ணிப்போட்டு விட்டுரவும் படாது, ஏனெண்டா அதே பேப்பர் அடுத்த கிழமை இன்னொரு ஜேர்னலுக்குப் போகும். நாங்க மூல ஃபோம்களைக் கேட்டம். ரெண்டு மாசம் பதில் இல்ல, பிறகு கட்டுரையை வாபஸ் வாங்குறன் எண்டு ஒரு வரி இமெயில் வந்தது. எனக்கு அந்த ஒதரை விட அந்தப் பேப்பரை நம்பி மருந்தடிக்கிற அளவு சொல்லப்போற ஆக்களை நினைச்சாத்தான் பயமா இருந்தது. சம்மாந்துறை வயல் வட்டையில ஒராள் பிழையான நேரத்தில மருந்தடிச்சு ஒரு போகம் போனா அந்தக் கடனை அடைக்க அவருக்கு எத்தின போகம் வேணும்?

பெரிய ஜேர்னலெண்டா இப்பிடி நடக்காது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு 2020ஐ ஞாபகப்படுத்தணும். கொரோனா நேரம், மே 22ஆம் திகதி, லான்செட் எண்ட பெரிய மருத்துவ ஜேர்னல்ல ஒரு பேப்பர் வந்தது, 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளிகள், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எண்ட மலேரியா மருந்து குடுத்த ஆக்கள்ல சாவு கூட எண்டு. உலக சுகாதார நிறுவனம் தன்ட பரிசோதனையில அந்த மருந்துப் பகுதியையே உடனே இடைநிறுத்தினது. டேட்டா முழுக்க சேர்ஜிஸ்ஃபியர் எண்ட ஒரு கம்பெனிட கையில, மற்ற ஒதர்மார் மூல டேட்டாவைக் கண்டதே இல்ல, வெளியில இருந்து சரிபார்க்கக் கேட்டபோது கம்பெனி குடுக்க மறுத்திட்டு. ஜூன் 4ஆம் திகதி வாபஸ். 13 நாள். அந்த மருந்து கொரோனாவுக்கு உதவல்ல எண்டது பிறகு ஒழுங்கான பரிசோதனைகள்ல தெரிஞ்சது, அது வேற விசயம். என்ட கேள்வி, தான் கண்ணால காணாத டேட்டாவுக்குக் கீழ எப்பிடி ஒராள் கையெழுத்து வைக்கலாம் எண்டதுதான். நிரப்பின ஃபோம்களை வருசக்கணக்கா அலுமாரியில வச்சிருக்கச் சொல்லுறது இதுக்காகத்தான்.

லான்செட்லயே அதுக்கு முதல் நடந்த இன்னொண்டு இதை விடப் பாரதூரம். 1998இல அன்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் 12 பிள்ளைகளை வச்சு எழுதின பேப்பர், சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லாவுக்குப் போடுற எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கு எண்ட மாதிரி ஒரு எண்ணத்தைக் கிளப்பி விட்டது. வக்கீல்மார்ட்ட இருந்து காசு வந்ததை அவர் சொல்லல்ல, பிள்ளைகளுக்குச் செஞ்ச சில பரிசோதனைகளுக்கு ஒழுங்கான நெறிமுறை அனுமதியும் இல்ல. பிரயன் டீர் எண்ட பத்திரிகையாளர் தோண்டித் தோண்டி எழுதினார், 2004இல கூட எழுதின 10 பேர் அந்த முடிவில இருந்து விலகினாங்க, ஆனா ஜேர்னல் முழுசா வாபஸ் வாங்கினது 2010 பெப்ரவரியில. 12 வருசம். இப்பவும் கிளினிக்குக்கு 9 மாசப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாற தாய்மார் சிலபேர் வட்ஸ்அப்ல வந்ததைக் காட்டி மிட்வைஃப்ட்ட "மிஸ், இந்த ஊசி போட்டா புள்ள பேசாதாமே" எண்டு கேக்கிறாங்க எண்டா, அந்தப் பேப்பர்ட வால் இன்னும் எங்கட ஊருக்குள்ள கிடக்கு. பிழையெண்டு தெரிஞ்ச பிறகு தாமதிக்கிறதும் எடிட்டர்ட பக்கத்தில ஒரு பெரிய குற்றம்தான் எண்டு நான் நினைக்கிறன்.

இனி பேர் போடுற விசயம். இதைப்பற்றிக் கொஞ்சம் கூடத்தான் எழுதப்போறன், ஏனெண்டா எனக்கு நெருங்கிய ஒராளுக்கு நடந்தது.

அவன் ஒரு கம்பஸ்ல கடைசி வருசம் படிக்கக்குள்ள எட்டு மாசம் வயலுக்குள்ள நிண்டு டேட்டா எடுத்தவன். விடியக்காலம் பஸ் ஏறி, வரம்பால நடந்து, குறிச்ச கண்டத்தில இலைட நீளம் அகலம் அளந்து, பூச்சி எண்ணி, கொப்பியில எழுதி, பின்னேரம் வந்து எக்ஸல்ல அடிச்சு, மழைக்கு நனைஞ்ச பக்கங்களை ஃபேனுக்குக் கீழ காய வச்சு எடுத்த டேட்டா. தீசிஸ் குடுத்தான், நல்ல மார்க்ஸ், எல்லாரும் சந்தோசம். ஒண்டரை வருசம் கழிச்சு கூகுள்ல வேற எதையோ தேடக்குள்ள தன்ட அட்டவணையைக் கண்டான். அதே தலைப்பு, ஒரு சொல்லு மட்டும் மாறியிருந்தது. முதல் பேர் சுப்பவைசர்ட, ரெண்டாவது அவர்ட கூட்டாளி ஒராள், அந்த ஆளை இவன் ஒரு நாளும் வயலுக்குள்ள கண்டதில்ல. இவன்ட பேர் கடைசிப் பக்கத்தில நன்றி சொல்லுற பகுதியில, அதுவும் எழுத்துப்பிழையோட. எனக்குப் போன் பண்ணினான், கோவம் கூட வரல்ல அவனுக்கு, "நான் அளந்த இலைடா மச்சான்" எண்டதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

விதி இதில தெளிவா இருக்கு. மருத்துவ ஜேர்னல் எடிட்டர்மார்ட சர்வதேசக் குழு, 1978இல வன்கூவர்ல கூடினதால வன்கூவர் குழு எண்டும் சொல்லுவாங்க, ஒதர் எண்டு சொல்ல நாலு தகுதி வச்சிருக்கு. ஆய்வைத் திட்டமிட்டதிலயோ டேட்டா எடுத்ததிலயோ அதை அலசினதிலயோ கணிசமான பங்கு இருக்கணும், கட்டுரையை எழுதியிருக்கணும் இல்லாட்டி ஆழமாத் திருத்தியிருக்கணும், கடைசி வடிவத்துக்குச் சம்மதம் குடுத்திருக்கணும், நாளைக்கு ஒரு கேள்வி வந்தா பதில் சொல்லவும் தயாரா இருக்கணும். நாலும் வேணும். இதில ஒரு சின்ன விசயத்தை ஆக்கள் மறக்கிறாங்க, முதலாவது தகுதி உள்ள ஆளுக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் குடுக்காம விட்டுப்போட்டு "அவர் எழுதல்ல, அதால ஒதர் இல்ல" எண்டு சொல்லப்படாது எண்டும் அதே விதியில இருக்கு. அந்தப் பெடியனுக்கு வரைவை அனுப்பி "பாரு மகன்" எண்டு கேட்டிருந்தா அவன் சந்தோசமாத் திருத்தியிருப்பான். ஒண்டும் செய்யாத ஆள்ட பேரைப் போடுறதை அன்பளிப்பு ஒதர் எண்டு சொல்லுவாங்க. எங்கட பக்கத்தில அது மரியாதையாகவும் நன்றிக்கடனாகவும்தான் தொடங்குது, டிபார்ட்மென்ட் ஹெட்ட பேரைப் போடாட்டி என்ன நினைப்பாரோ எண்ட பயம், அதை நான் விளங்கிக்கொள்ளுறன். ஆனா நாளைக்கு அந்தப் பேப்பர்ல பிழை வந்தா அந்த ஹெட் என்ன பதில் சொல்லுவார், அவர் அந்த வயலையே காணல்லயே. இப்ப கன ஜேர்னல்கள் ஒவ்வொரு ஆளும் என்ன செஞ்சது எண்டு 14 வகையான பங்குகளைப் பிரிச்சு எழுதிக் கேக்குது. நாங்களும் கேக்கத் தொடங்கின பிறகு ஒரு கட்டுரையில அஞ்சு பேரா வந்தது மூணு பேராக் குறைஞ்சது.

ஏன் இவ்வளவு ஆசை எண்டா, பொயின்ட்ஸ். புரமோஷனுக்குப் பேப்பர் வேணும், அதுவும் வெளிநாட்டு ஜேர்னல் எண்டா இன்னும் நல்லம். இந்த அவசரத்தை வச்சு உழைக்கிற ஒரு கூட்டம் இருக்கு. கல்முனைப் பக்கம் ஒரு டீச்சர், எனக்குத் தெரிஞ்சவ, கஷ்டப்பட்டு ஒரு நல்ல கட்டுரை எழுதி இன்டர்நேஷனல் எண்டு பேர் போட்ட ஒரு ஜேர்னலுக்கு அனுப்பினா, மூணு நாள்ல ஏற்றுக்கொண்டம் எண்டு பதில், 150 டொலர் கட்டச் சொல்லி. 2022, டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குப் பாய்ஞ்ச நேரம், சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் கியூவில நிண்ட காலம், காப்பு ஒண்டை ஈடு வச்சுக் கட்டினா. கட்டின பிறகுதான் ஒரு சேர் பார்த்துப்போட்டு இது ஒரு இடத்திலயும் எடுபடாது எண்டு சொன்னார். வாபஸ் தாங்க எண்டு கேட்டா அதுக்கு வேற காசு கேட்டானுகள். கட்டுரை இன்னும் அங்கதான் கிடக்கு, ஒருக்கா வெளியானதை வேற நல்ல ஜேர்னல் எடுக்காது, அவவுட உழைப்பு முழுக்க அதுக்குள்ள அடைபட்டுப் போச்சு. அவவை நான் குற்றம் சொல்ல மாட்டன், சொல்லிக் குடுக்க ஆள் இருக்கல்ல.

கொலராடோவில ஜெஃப்ரி பீல் எண்ட நூலகர்தான் இதுக்கு வேட்டை ஜேர்னல் எண்ட மாதிரிப் பேர் வச்சது, அவர்ட பட்டியல் 2017 வரைக்கும் இருந்தது. 2013இல ஜோன் பொஹானன் எண்டவர் வேணுமெண்டே பிழைகளை வச்சு எழுதின பொய்ப் பேப்பரை காசு குடுக்காம யாரும் வாசிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் ஜேர்னலுக்கு அனுப்பிப் பார்த்தார், 157 ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில இருந்து நடந்த ஒமிக்ஸ் எண்ட கம்பெனிக்கு 2019இல அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டொலருக்கு மேல கட்டச் சொன்னது. பெரிய கம்பெனிகளும் தப்பல்ல, வைலி எண்ட பெரிய பதிப்பகம் வாங்கின ஹிந்தாவி ஜேர்னல்கள்ல இருந்து 2023இல மட்டும் 8,000க்கு மேல பேப்பர் வாபஸ் ஆனது, கனக்க காசுக்குப் பேப்பர் செஞ்சு விக்கிற ஆக்கள்ட வேலை. அனுப்ப முதல் செய்யக்கூடியது லேசு. எடிட்டர் குழுவில இருக்கிற ஒராளுக்கு நேர இமெயில் போட்டு "நீங்க உண்மையா இதில இருக்கீங்களா" எண்டு கேளுங்க, டோஜ் எண்ட திறந்த அணுகல் ஜேர்னல் பட்டியல்ல பேர் இருக்கா பாருங்க, பழைய இதழ்ல ரெண்டு பேப்பரை வாசிங்க. மூணு நாள்ல ஏற்றுக்கொண்டா அதை ஒருத்தரும் வாசிக்கல்ல எண்டு அர்த்தம். காசு கேக்கிறது மட்டும் பிழையில்ல, நல்ல திறந்த ஜேர்னல்களும் கேக்குது, காசுக்குப் பதிலா அவங்க ஒழுங்கா வாசிக்கிறாங்களா எண்டதுதான் கேள்வி.

தமிழ்ல எழுதுற ஜேர்னல்களுக்கு வேற ஒரு தலையிடி. கொப்பி அடிச்சதைக் கண்டுபிடிக்கிற சொஃப்ட்வெயார்ல போட்டு 2 சதவீதம் எண்டு ரிப்போர்ட்டோட கட்டுரை வரும். திறந்து பார்த்தா பாமினி எழுத்துருவில டைப் பண்ணியிருக்கும். பாமினியில எங்களுக்குத் தமிழாத் தெரியிறது கம்ப்யூட்டருக்கு அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துதான், அது எதோட ஒப்பிடுறது? ஒருக்கா ஒரு கட்டுரையை யூனிகோடுக்கு மாத்தி ரெண்டு வரியை கூகுள்ல போட்டன், ஒரு முழுப் பந்தியும் ஒரு கோயில் வரலாற்றுப் பக்கத்தில இருந்து அப்பிடியே வந்து நிண்டது. இங்கிலீஷ் புத்தகத்தில இருந்து மொழிபெயர்த்துப்போட்டுத் தன்ட எண்டு போடுறதையும் மெஷின் அநேகமாப் பிடிக்காது. அதுக்கு வாசிச்ச மனிசர்தான் வேணும். ரிவியூவர்மாரும் இஞ்ச குறைவு, வந்தாறுமூலைக் கம்பஸ்ல எழுதினதை ஒலுவில் கம்பஸ்ல வாசிக்கக்குள்ள பேரை மறைச்சாலும் எழுத்து நடையிலயே யார் எண்டு தெரியும். தெரிஞ்சா தெரியும் எண்டு எடிட்டருக்குச் சொல்லுறதுதான் நேர்மை, பிடிக்காத ஆள்ட கட்டுரையை ஏழு மாசம் லாச்சிக்குள்ள வச்சிருக்கிறதும் மச்சான்ட கட்டுரையை ஒரு நாள்ல பாஸ் பண்ணுறதும் ஒரே குற்றம்தான்.

ஏஐ பற்றிச் சுருக்கமா. 2023இல கோப் அமைப்பு சொல்லிட்டு, சட்ஜிபிடி மாதிரியானதை ஒதராப் போட ஏலாது, ஏனெண்டா அதால பொறுப்பு எடுக்க ஏலாது. பாவிச்சா எங்க எப்பிடிப் பாவிச்ச எண்டு எழுதுங்க. எனக்கு வந்த ஒரு கட்டுரையில இருந்த ஆதார நூல்கள்ல நாலு உலகத்திலயே இல்லாத நூல்கள், லைப்ரரியில அரை நாள் தேடின பிறகு தெரிஞ்சது.

திரும்ப டேட்டா குடுத்த ஆக்கள்ட்ட வாறன். உலக மருத்துவச் சங்கம் 1964இல ஹெல்சிங்கியில எழுதின பிரகடனத்தில இருந்து எல்லாரும் சம்மதப் படிவம், பேர் மறைக்கிறது எண்டு பேசுறம். ஆனா எங்கட ஊர் சின்னது. ஒரு கட்டுரையில "பங்குபற்றுனர் 7, 50 வயதுப் பெண், கணவர் 1990இல் காணாமல் போனவர், இடியப்பம் அவித்து விற்பவர்" எண்டு எழுதி, மேல கிராமத்துப் பேரையும் போட்டிருந்தது. பேர் இல்லத்தான், ஆனா அந்தக் கிராமத்துச் சந்தியில நிக்கிற சின்னப்பிள்ளைக்கும் அது யார் எண்டு தெரியும், அவ யாரைப்பற்றி என்ன சொன்னா எண்டதும் தெரியும். ரெண்டு ரிவியூவரும் அதைக் கவனிக்கல்ல, கட்டுரை நல்ல கட்டுரை. நாங்க கிராமத்துப் பேரை எடுத்து, வயசைப் பத்து வருச வரம்பாக்கி, தொழிலைச் "சுயதொழில்" எண்டு மாத்தச் சொன்னம். ஒதர் கொஞ்சம் சண்டை பிடிச்சார், விபரம் குறைஞ்சா கட்டுரைட பலம் குறையும் எண்டு. குறைஞ்சா குறையட்டும்.

போன வருசம் ஒரு மாணவி, வாவியில மீன் பிடிக்கிற ஆக்களைப் பற்றி எங்கட ஜேர்னல்ல எழுதினவ, கட்டுரை வந்த பிறகு தானா யோசிச்சு அதை ரெண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமா எழுதி, மீனவர் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டு போனா. நானும் கூடப் போனன். நோட்டீஸ் ஒட்டுற பலகையில ஊசி குத்தி ஒட்டின உடனே நாலஞ்சு பேர் வந்து நிண்டு வாசிச்சாங்க, வயசான ஒராள் கண்ணாடியை நெற்றிக்கு ஏத்திக்கொண்டு கிட்டப் போய் விரலால தொட்டுத் தொட்டு வாசிச்சார். ஒரு இடத்தில விரல் நிண்டது. "மகள், எங்கட சங்கத்தில 46 தோணி எண்டு கிடக்கு. 64 எல்லோ." அவவுக்கு முகம் வாடிப்போச்சு. வீட்ட போய் கொப்பியைப் பார்த்தா, கையால எழுதின இடத்தில 64 எண்டு தெளிவா இருக்கு, டைப் பண்ணக்குள்ள மாறியிருக்கு, அந்த இலக்கத்தை வச்சுப் போட்ட சராசரியும் பிழைச்சிட்டு.

அதுக்கு வாபஸ் தேவையில்ல. நேர்மையா விட்ட பிழை, முடிவு மாறல்ல, அப்பிடியான இடத்தில திருத்தக் குறிப்புப் போட்டா காணும், முடிவையே நம்ப ஏலாம இருந்தாத்தான் வாபஸ். மாணவி அண்டைக்கு ராவே எனக்கு இமெயில் போட்டா, கொப்பிட பக்கத்தைப் படம் எடுத்து இணைச்சு. அடுத்த இதழ்ல நாலு வரியில திருத்தம் வந்தது: அட்டவணை 2இல் தோணிகளின் எண்ணிக்கை 64 என வாசிக்கப்பட வேண்டும். சுட்டிக்காட்டிய சங்க உறுப்பினருக்கு நன்றி. பேர் போடவா எண்டு அந்த ஐயாட்ட கேட்டம், வேணாம் எண்டுட்டார். இதழ்ல ஒரு கொப்பியை மட்டும் சங்கத்துக்கு அனுப்பச் சொன்னார்.